கவிழ்த்தாலும் விழாத காப்பி

அப்பா தம் வாழ்நாளில் எந்தப் பாத்திரத்திலும் உதடு வைத்துக் குடித்ததில்லை. முகத்தை மேலே தூக்கி, டம்ளரை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, சட்டையில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றிக்கொள்வார். தண்ணீரும் அப்படித்தான், மோரும் அப்படித்தான், ஆவி பறக்கும் கோப்பியும் அப்படித்தான். எனக்கு அது காப்பி. யாழ்ப்பாணத்திலிருந்து மலாய் நாட்டுக்கு வந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கடைசிவரை கோப்பி. பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் கிளார்க்காக இருந்த காலம் முழுவதும் அவர் எங்கள் தீவிலிருந்து தினமும் ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போய் வந்தார். பையில் சாப்பாடு இருக்கிறதோ இல்லையோ, சொந்த டம்ளர் இருக்கும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாங்கள் வழக்கமாகப் போகும் கடையில் தே என்று நாங்கள் சொல்லும் தேநீரை ஆற்றுகிற கடைக்கார அண்ணன் ஒருவர், கையை உயர்த்தி மேலிருந்து கீழே இழுத்து ஆற்றிக் கொடுப்பார். அப்பா அதை வாங்கி மறுபடியும் மேலிருந்து கீழே ஊற்றிக் குடிப்பார். நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து சர்க்கஸ் வைக்கலாம் என்று நான் சொன்னால் அந்த அண்ணனுக்குச் சிரிப்பு வரும், அப்பாவுக்குக் கோபம் வரும்.

எச்சில் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் போலீஸ் அதிகாரம் இருந்தது. ஒருவர் வாயில் பட்ட கரண்டி அடுத்தவர் தட்டுப் பக்கமே திரும்பக்கூடாது. கடித்த கொய்யாவைப் பங்கு போடக்கூடாது. பிறந்தநாள் கேக் வெட்டினாலும் யாரும் யாருக்கும் ஊட்டக்கூடாது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, பீச் ஸ்திரீட்டில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் டைப்பிஸ்ட். வெளியில் பெரிய மனுஷி. வீட்டுக்குள் வந்தால் கரண்டி பிடிக்கிற விதத்துக்குக்கூட ஏச்சு. நானும் சும்மா வாங்கிக்கொண்டு போகிற ஆள் இல்லை, வாய்க்கு வாய் பேசுவேன். அம்மா நடுவில் நின்று இரண்டு பக்கமும் கையைக் காட்டிக்கொண்டிருப்பாள்.

எண்பதுகளின் நடுவில் அந்த அடித்த காப்பி மோகம் வந்தது. ஆபீசில் என் பக்கத்து மேசைக்காரி டெல்லியில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். சேலை கொண்டுவந்தாள், வளையல் கொண்டுவந்தாள், கூடவே இந்தக் காப்பியையும் கற்றுக்கொண்டு வந்தாள். கோப்பையில் இரண்டு கரண்டி, புட்டியில் வரும் இன்ஸ்டன்ட் காப்பித்தூள், இரண்டு கரண்டி சீனி, கொஞ்சம் சுடுதண்ணீர். அவ்வளவுதான் சாமான். பிறகு கரண்டியால் அடிக்க வேண்டும். சாதாரண அடி இல்லை. கை ஓய்ந்து, இனி நம்மால் ஆகாது என்று தோன்றிய பிறகும் அடிக்க வேண்டும். கறுப்பாக இருந்தது செம்மண் நிறத்துக்கு வரும், அப்புறம் வெளுக்கும், அப்புறம் சவரக் கிரீம் மாதிரி திரண்டு நிற்கும். அதைச் சுடுபாலின் மேல் போட்டால் பெரிய ஹோட்டல் காப்பி எல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. பதம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கோப்பையைத் தலைக்கு மேல் கவிழ்க்க வேண்டும். நுரை விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் பாஸ். விழுந்தால் தலை முழுக வேண்டும். அந்த மாதம் எங்கள் ஆபீஸ் பெண்கள் எல்லாருக்கும் வலது தோள்பட்டையில் வலி, மேலதிகாரி அது டைப் அடித்த வலி என்று பாவப்பட்டார்.

வீட்டில் நான் அடிக்கத் தொடங்கினால் முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் வரும்.

"என்ன பிள்ளை, தகரக்கடை துறந்திட்டியோ?"

ஒருநாள் அவருக்கும் ஒரு டம்ளரில் கொடுத்தேன். வழக்கம் போல அண்ணாந்தார். பால் இறங்கியது. நுரை இறங்கவில்லை. டம்ளரைத் தட்டினார், குலுக்கினார், கடைசியில் அது மொத்தமாகப் புறப்பட்டு வந்து அவர் மூக்கின் மேல் உட்கார்ந்தது. இது குடிக்கிறதோ சவரம் செய்கிறதோ என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு, இதை இப்படிச் சாப்பிட வேண்டும் என்று ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துக் காட்டிவிட்டு, அதே கரண்டியைக் கோப்பைக்குள் விட்டு அவரிடம் நீட்டினேன். அவர் முகம் மாறிப் போனது. எழுந்து போய் முழுக் கோப்பையையும் கழுவுதொட்டியில் கொட்டினார். "எச்சில் கரண்டியை அப்பனுக்கு நீட்டுறாய்" என்று ஒரே வார்த்தை. பெற்ற பிள்ளையின் எச்சில் என்ன விஷமா என்று நான் பதிலுக்குக் கத்தினேன். அந்த வாரம் நாங்கள் இரண்டு பேரும் அம்மா வழியாகத்தான் பேசிக்கொண்டோம்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில், குளியலறையில் தண்ணீர் மொள்ளும் டப்பா விழுந்த சத்தம் கேட்டது. விழுந்தால் எடுப்பார் அல்லவா, எடுக்கிற சத்தம் கேட்கவில்லை. நான் கதவைத் தள்ளியபோது அப்பா சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் முழுவதும் அவருடையது இல்லை என்பது போலத் தொங்கியது. வாய் கோணி, என்னவோ சொல்லப் பார்த்தார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்கவாதம் என்று சொன்னதில் கை போனதும் கால் போனதும் எனக்குப் புரிந்தது. பேச்சு போனதும் புரிந்தது. விழுங்குவது போய்விட்டது என்றார், அதுதான் புரியவில்லை. விழுங்குவது ஒரு வேலையா என்ன? பிறந்த குழந்தை செய்கிறது. நாக்கும் தொண்டையும் சரியான நேரத்தில் ஒத்துழைக்காவிட்டால் தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், நெஞ்சில் சளி கட்டும், வயதானவருக்கு அது உயிருக்கே வந்து முடியும் என்று விளக்கினார். மூக்கு வழியாக ஒரு குழாயை வயிறுவரை விட்டு அதில் பாலை ஊற்றினார்கள்.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது போல ஆகிவிட்டது. பஸ்ஸில் போனால் எதிரில் இருப்பவர்களின் தொண்டையைப் பார்ப்பேன். ஒருவர் எச்சில் விழுங்கினால் அந்தக் குமிழ் மேலே போய்க் கீழே வரும், அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் வாயில் ஒரு கவளம் வைத்தால், இப்போது எப்படி விழுங்கப் போகிறேன் என்ற நினைப்பு வந்துவிடும். நினைத்தால் விழுங்க வராது. தண்ணீரைக் கண்டால் பயம். யாராவது இருமினால் எழுந்து நின்றுவிடுவேன்.

கொஞ்சம் தேறியதும் குழாயை எடுத்து, வாயால் கொடுத்துப் பாருங்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அப்பாவின் டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்தாள். கோப்பி ஆற்றிக் கொண்டுவந்தாள். அவரால் அண்ணாந்து ஊற்றிக்கொள்ள முடியாது, கை இல்லை. அதனால் அவள்தான் ஒரு கையால் அவர் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்தாள், இன்னொரு கையால் டம்ளரை உயர்த்தி, உதடு படாமல், மெல்லிய நூலாக ஊற்றினாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. அவர் எப்படிக் குடிப்பாரோ அப்படித்தானே கொடுக்க வேண்டும். வாயில் பாத்திரத்தை வைத்தால் அது அவருக்கு அவமானம் இல்லையா? நோயில் விழுந்தவருக்கு நாங்கள் செய்த மரியாதை அது.

கோப்பி நேராக உள்ளே போயிற்று, போகக்கூடாத இடத்துக்கு. அவருக்கு இருமல்கூட வரவில்லை. கண்கள் பெரிதாகின. உதடு நீலமாகியது. நானும் அம்மாவும் அவரைக் குனியவைத்து முதுகில் அடித்தோம். ஒரு வழியாக மூச்சு திரும்பி வந்தபோது அந்தச் சத்தம், மரம் அறுக்கிற மாதிரி, இன்றைக்கும் காதில் இருக்கிறது. மறுநாள் காய்ச்சல். மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி குழாய்.

இந்த முறை அப்பா அதைப் பிடுங்கிவிட்டார். நல்ல கை ஒன்றுதான் இருந்தது, இடது கை. அந்தக் கையால் பிடுங்கினார். போட்டார்கள், மீண்டும் பிடுங்கினார். அதனால் இடது கையைக் காயத்துக்குச் சுற்றும் காஸ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டிவிட்டார்கள். வேறு வழியில்லை, எனக்குத் தெரியும். ஆனால் நான் போனபோது அவர் முதலில் கட்டிய கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அழவில்லை. என்னை விடவே இல்லை அந்தப் பார்வை. வாழ்நாள் முழுதும் அடுத்தவர் கைபட்ட தண்ணீரைக் கூட யோசித்துக் குடித்த மனிதர். அவிழ்த்து விடு, இல்லாவிட்டால் என்னைப் போகவிடு என்று அவர் சொன்னதாகவே நான் எடுத்துக்கொண்டேன். கழிப்பறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை, கையில் கட்டிய துணியை மாற்றுகிற நேரம் பார்த்து மூன்றாவது முறையும் பிடுங்கினார். டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. காய்ச்சல் விட்டுவிட்டது, டிரிப் ஏற்றியிருக்கிறோம், சனி ஞாயிறு வீட்டில் வைத்துப் பாருங்கள், கெட்டியான ஆகாரமாகக் கொடுங்கள், தண்ணீராக எதுவும் வேண்டாம் என்றார். திங்கட்கிழமை காலை கூட்டிவாருங்கள். விழுங்கினால் சரி. விழுங்காவிட்டால் குழாயைப் போட்டு, கையைக் கட்டி, அதை அப்படியே வைத்துவிட வேண்டியதுதான் என்றார். எவ்வளவு நாளைக்கு என்று அம்மா கேட்டாள். அவர் திங்கட்கிழமைக்கான சீட்டை எழுதி நீட்டினார்.

சனிக்கிழமை கஞ்சி வைத்தோம். கரண்டியைக் கண்டதும் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். கெஞ்சிக் கூத்தாடித் திறக்க வைத்தால், கரண்டி உதட்டுக்கு வருவதற்கு முன்பே தலை தானாகப் பின்னால் சாய்ந்துவிடும். அறுபது வருஷப் பழக்கம். மூளையில் பாதி போனாலும் அது போகவில்லை. கஞ்சி தொண்டைக்குள் வழுக்கிப் போய் உடனே இருமல். ஒவ்வொரு இருமலுக்கும் அம்மா முருகா முருகா என்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். சோறு கரைந்து நீர் பிரிந்துவிடுகிறது, அந்த நீர்தான் அவரைக் கொல்லப் பார்க்கிறது என்பது எனக்கு மெல்லப் புரிந்தது. ஆனால் புரிந்து என்ன செய்வது? சாயங்காலத்துக்குள் உள்ளே நின்றது ஒன்றுமில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். துணியிலிருந்து சொட்டிவிடுமோ என்று அதற்கும் பயம்.

ஞாயிறு மதியமும் அப்படியே போயிற்று. என் சொந்த அண்ணன் அக்கரையில், செபராங் ஜெயாவில் இருந்தான், சாயங்காலம் வந்து இரவு தங்கி, காலையில் அப்பாவை அவன் காரில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அந்தக் கார் சத்தம் எப்போது கேட்குமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வந்துவிட்டால் முடிந்தது. அப்பா மறுபடி அந்தக் கட்டிலுக்குப் போய்விடுவார், கை கட்டப்படும், அந்தப் பார்வையை நான் தினமும் போய் வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

முன்னறையில் இருக்க முடியவில்லை. அடுப்படிக்குப் போனேன். கை தானாகக் காப்பித்தூள் புட்டியை எடுத்தது. அப்பாவுக்காக எடுத்தேன் என்று சொன்னால் பொய். எனக்குக் குடிக்கவும் வேண்டியிருக்கவில்லை. கைக்கு அடிக்க ஏதாவது வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தூள், சீனி, சுடுதண்ணீர். அடிக்க ஆரம்பித்தேன். தண்ணீர் கூடிப் போய்விட்டது, திரளவில்லை. அப்போது ஒரு கெட்ட யோசனை வந்தது: இது திரண்டால் அப்பா பிழைப்பார், திரளாவிட்டால் இல்லை. யார் கேட்டார்கள் என்னை? ஆனால் வந்துவிட்டது, வந்த பிறகு விட முடியவில்லை. அடித்தேன். இன்னும் சீனி போட்டேன். அலமாரியில் டின் பால் இருந்தது, அந்தக் கெட்டிப் பாலையும் ஒரு கரண்டி விட்டேன். மணிக்கட்டு எரிந்தது. முன்னறையிலிருந்து யாரும் தகரக்கடை என்று கேட்கவில்லை. அந்த மௌனத்தைக் கேட்கப் பயந்தே இன்னும் பலமாக அடித்தேன்.

திரண்டது. முன்னெப்போதையும்விடக் கெட்டியாக, கரண்டியை நட்டால் நிற்கிற மாதிரி. தலைக்கு மேல் கவிழ்த்தேன், அசையவில்லை. கவிழ்த்த கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினேன், அம்மாவிடம் காட்ட. அம்மா பார்த்துவிட்டு, மகளுக்கும் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பாள்.

அப்பா தலையணைகளில் சாய்ந்திருந்தார். கண் என் கையில் இருந்த கோப்பை மேல் நின்றது. கோப்பை தலைகீழாக இருக்கிறது, ஒன்றும் விழவில்லை. ஆயுள் முழுக்கப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் குடித்தவர் அல்லவா, அவருக்கு அது பொறுக்கவில்லை. தொண்டையிலிருந்து ம் என்று ஒரு சத்தம் வந்தது. நான் பக்கத்தில் போய், கோப்பையை நிமிர்த்தி, அவர் மார்புக்கு நேராகத் தாழ்த்திப் பிடித்தேன். உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க அவர் குனிந்தார்.

தாடை நெஞ்சைத் தொட்டது. அண்ணாக்கவில்லை. கோப்பையைக் கவிழ்த்தால் விழாதது, இவர் தொண்டையிலும் தப்பான பக்கம் சட்டென்று விழாது. நீர் பிரியாது. குனிந்திருக்கிறார். இப்போது கொடுக்க வேண்டும். இது மருத்துவமா மடத்தனமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே கரண்டி நுனியில் ஒரு புளியங்கொட்டை அளவு எடுத்துவிட்டேன்.

அம்மா என் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் பிள்ளை. எனக்குப் பயமாக் கிடக்கு. போன முறை என்ர கையாலதான் அவருக்கு அப்பிடி வந்தது."

"நாளைக்குக் கட்டுவாங்கம்மா. திரும்பவும் கட்டுவாங்க."

அவள் கை என் கையில் அப்படியே இருந்தது. பிறகு கையை எடுத்து, அப்பாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, அவர் பிடரியில் உள்ளங்கையை வைத்தாள். பின்னால் சாயவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"நான் பிடிக்கிறன். நீ குடு."

கரண்டியை உதட்டில் வைத்தேன். பல்லைக் கடிப்பார் என்று நினைத்தேன். கடிக்கவில்லை. வாசனை மூக்குக்குப் போயிருக்க வேண்டும், கோப்பி வாசனை. உதடு திறந்தது. கரண்டி உள்ளே போயிற்று, உதடு மூடியது. என் அப்பாவின் உதடு ஒரு கரண்டியில் மூடி நான் பார்த்த முதல் தடவை அது. கரண்டியை உருவினேன். நுரை கன்னத்துக்குள் போயிற்று. நாக்கு அதைத் தேடியது. நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். குமிழ் அசையவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். எழுத்துக்காக இப்படிச் சொல்லவில்லை, அந்த வார்த்தைகளிலேயே நினைத்தேன்.

குமிழ் மேலே போயிற்று. கீழே வந்தது.

இருமல் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. தெருவில் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிற்று, இருமல் வரவில்லை. அப்பா மறுபடியும் கோப்பைக்குள் குனிந்து பார்த்தார். நான் இன்னொரு புளியங்கொட்டை எடுத்தேன்.

சாயங்காலம் வந்த அண்ணன் விஷயத்தைக் கேட்டுக் குதித்தான்.

"நீ என்னா டாக்டரா? நாளைக்கு நெஞ்சில சளி கட்டினா யாரு பதில் சொல்றது? சும்மா இருக்கத் தெரியாதா லா உனக்கு?"

நான் எப்போதும் போலத் திருப்பிக் கத்தியிருப்பேன். கத்தவில்லை. அவன் பயத்தில் கத்துகிறான் என்பது தெரிந்தது, ஏனென்றால் அவன் சொன்னதையேதான் நானும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே போனது வயிற்றுக்குத்தான் போனதா? சத்தமில்லாமல் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தால்? அன்று இரவு அப்பாவின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே கழிந்தது. என் கை சூடா அவர் நெற்றி சூடா என்று தெரியாமல் அம்மாவையும் தொட வைத்தேன். விடிந்தபோது நெற்றி குளிர்ந்திருந்தது. என் பையில் காப்பித்தூள், சீனி, டின் பால், கோப்பை, கரண்டி, சுடுதண்ணீர் ஃபிளாஸ்க் எல்லாம் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன். பிக்னிக் போகிற மாதிரி என்று அண்ணன் முணுமுணுத்தான்.

வார்டில் அதே கட்டில். குழாய் தயாராகத் தட்டில் சுருண்டு கிடந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அப்பாவின் இடது கையை முதலிலேயே கட்டிவிட்டார்கள். டாக்டர் வந்ததும், விழுங்குகிறாரா பார்ப்போம் என்று மிஸ்ஸியிடம் சொன்னார். வார்டு நர்சை நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் நல்ல பெண், எங்களோடு தமிழில் பேசுவார். சோதித்துப் பார்க்க ஒரு கண்ணாடி கிளாசில் தண்ணீர் எடுத்து வந்தார். கிளாசைக் கண்டதும் அப்பாவின் தலை மெல்லப் பின்னால் சாயத் தொடங்கியது.

நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். வார்டே திரும்பிப் பார்த்தது. மிஸ்ஸியின் கை நின்றது. நான் தமிழும் மலாயும் இங்கிலீஷும் கலந்து உளறினேன்: நேற்று விழுங்கினார், தண்ணீர் இல்லை, வேறு, இவர் அண்ணாந்துதான் குடிப்பார், குனிந்தால் போகிறது, ஒரு நிமிஷம் கொடுங்கள், செய்து காட்டுகிறேன். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மற்ற கட்டில்களை முடித்துவிட்டு வருகிறேன் என்று நகர்ந்தார்.

கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் கோப்பையை வைத்து அடித்தேன். இருபது நோயாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபிளாஸ்க் தண்ணீர் ஆறிப்போயிருந்தது, கரண்டி கோப்பையில் மோதி நழுவியது. டாக்டர் கட்டில் கட்டிலாக நெருங்கிக்கொண்டிருந்தார். கறுப்பாகவே இருந்தது. அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டான். பிறகு என்ன நினைத்தானோ, வந்து கோப்பையை என்னிடமிருந்து பிடுங்கி, அவன் அடிக்க ஆரம்பித்தான். அவன் கை பெரிய கை. நான் பாலை விட்டேன். அது வெளுத்தது. திரண்டது. டாக்டர் வந்து நின்றபோது, அண்ணன் கையிலிருந்து கோப்பையை வாங்கி என் தலைக்கு மேல் கவிழ்த்தேன். அவர் ஓரடி பின்னால் போனார். ஒன்றும் விழவில்லை.

டாக்டர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். கரண்டியால் குத்திப் பார்த்தார். சரி, நெஞ்சு நோக்கித் தலை குனிந்தே இருக்கட்டும், அதுதான் முறை என்றார். அது முறை என்று எனக்கு அப்போதுதான் தெரியும். அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். நான் கரண்டியை எடுத்தேன். அப்பா வாயைத் திறக்கவில்லை. கட்டிய கையை இழுத்தார். கம்பி அதிர்ந்தது. மறுபடி இழுத்தார். இவ்வளவு தூரம் வந்து இவர் இப்போது முரண்டு பிடித்தால் என்ன செய்வேன்? மிஸ்ஸிதான் டாக்டரைக் கேட்டுவிட்டு முடிச்சை அவிழ்த்தார்.

அப்பா என் கையிலிருந்து கரண்டியை வாங்கினார். இடது கையால் சாப்பிடாத மனிதர், இடது கையால் கோப்பைக்குள் விட்டு அள்ளி, குனிந்து, வாயில் வைத்தார். டாக்டர் தொண்டையில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தார். குமிழ் மேலே போயிற்று, கீழே வந்தது. எல்லாரும் காத்திருந்தோம். பேசச் சொன்னார் டாக்டர், ஆ என்று. அப்பா ஆ என்றார். குரல் சுத்தமாக இருந்தது, நெஞ்சுக்குள் போயிருந்தால் வரும் கரகரப்பு இல்லை. டாக்டர் தலையாட்டிவிட்டு, குழாய்த் தட்டை எடுத்துப் போகச் சொன்னார்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாவற்றையும் அடித்தோம். கஞ்சியை அடித்தோம், பப்பாளியை அடித்தோம், அவித்த பருப்பை அடித்தோம். குனிந்து குனிந்து சாப்பிட்டே அப்பா இன்னும் சில வருஷங்கள் இருந்தார். டம்ளரை அம்மா அலமாரியில் வைத்துவிட்டாள். அதெல்லாம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது அந்த வார்டில் கடைசியாக நடந்தது.

டாக்டர் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். அம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா இன்னொரு கரண்டி அள்ளி வாயில் வைத்தார், வழித்து எடுத்தார். பிறகு அந்தக் கரண்டியையே, அவர் உதட்டிலிருந்து வந்த அதே கரண்டியையே, கோப்பைக்குள் விட்டு நிறைய அள்ளினார். அவருடைய வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கை ஆடியது, சிந்தாமல் இருக்க நிதானமாக, மெல்ல மெல்ல என் பக்கம் கொண்டுவந்து என் வாய்க்கு நேராக நிறுத்தினார். நான் புரியாமல் பார்த்தேன். அவர் ம் என்றார்.

வாயைத் திறந்தேன். சீனி கூடிப் போயிருந்தது. அத்தனை பேர் பார்க்க அப்பாவின் எச்சில் கரண்டி என் வாயில் இருந்தது, அவர் குனிந்து என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்குத்தான் விழுங்க வரவில்லை.